லாகின் ஷெல்லை மாற்றப்போய் வாசலில் நிற்காதீர்கள்

நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்தான் ஷெல், லாகின் செய்ததும் தானாகத் திறப்பது லாகின் ஷெல். பாஷ் என்ற ஷெல்லை விட்டு இசட் ஷெல்லுக்கோ ஃபிஷ்ஷுக்கோ மாறுவது சிஎச்எஸ்எச் என்ற கட்டளையில் ஒரு வரி வேலை. அந்த ஒரு வரியை ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஓடிய ஒரு வாடகை சர்வரில் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகக் கணக்கு) இருந்து என் சொந்தக் கணக்குக்கு அடித்தேன், லினக்ஸ் பழக்கத்தில் கை தானாக /பின்/பாஷ் என்று போட்டுவிட்டது. ஃப்ரீபிஎஸ்டியில் பாஷ் தனியாக நிறுவுகிற சமாச்சாரம், அது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் உள்ளேதான் போய் உட்காரும். ரூட் சொன்னதால் தடுக்கவில்லை, பதிவாகிவிட்டது. வெளியே வந்து திரும்ப நுழைந்தால் சரியான பாஸ்வேர்டையே மறுபடி மறுபடி கேட்கிறது! ஷெல் கோப்பு இல்லாத கணக்கை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வரில் நுழையும் வழி) சர்வர் உள்ளேயே விடாது, காரணத்தை சர்வரின் பதிவுக் கோப்பில் மட்டும் எழுதும், நமக்கோ பாஸ்வேர்ட் தப்பு என்பது போலத்தான் தெரியும்.

அதனால் மாற்றியதும் பழைய டெர்மினல் ஜன்னலை மூடாதீர்கள். இன்னொன்றைத் திறந்து புதிதாக லாகின் செய்து பாருங்கள். பழைய ஜன்னலில், லாகின் ஷெல்லின் பாதையைச் சொல்லும் ஷெல் வேரியபிளைப் பார்த்துவிட்டு மாறவே இல்லையே என்று நாலு தடவை அடிப்பவர்களும் உண்டு, அது அடுத்த லாகினில்தான் மாறும். உண்மையான பதிவு லினக்ஸில் /எட்சி/பாஸ்வேர்ட் கோப்பில், உங்கள் வரியின் ஏழாவது, கடைசிப் பகுதி.

புது ஷெல்லின் முழுப் பாதை, அனுமதித்த ஷெல்களின் பட்டியலான /எட்சி/ஷெல்ஸ் கோப்பில் இல்லையென்றால் சிஎச்எஸ்எச் கட்டளை மறுத்துவிடும். உடனே சுடோ (ரூட் அதிகாரத்தில் ஓட்ட உதவும் கட்டளை) போட்டு, கணக்கைத் திருத்தும் யூசர்மாடால் திணிக்கிறார்கள். அப்புறம் சில எஃப்டிபி (கோப்புப் பரிமாற்ற) சர்வர்கள் அந்தக் கணக்கை ஏற்காது, சுடோ இல்லாமல் நீங்களே ஷெல்லை மாற்றவும் முடியாமல் போகலாம். முதலில் அந்தக் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

சிஎச்எஸ்எச்சுக்கு முன்னால் சும்மா சுடோ சேர்ப்பது இன்னும் மோசம். கணக்கின் பெயர் கொடுக்காவிட்டால் மாறுவது உங்கள் ஷெல் இல்லை, ரூட்டின் ஷெல். ரூட்டுக்கு வேறு ஷெல் வேண்டும் என்பவர்களுக்காகவே ஃப்ரீபிஎஸ்டியில் டூர் என்று, ரூட்டைத் திருப்பிப் போட்ட பெயரில் இன்னொரு கணக்கு இருக்கிறது, ஆசையை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் வைத்த அலியாஸ்களை (கட்டளைகளுக்கு நாம் வைக்கும் சுருக்கப் பெயர்கள்) இசட் ஷெல் படிக்காது, இது தெரிந்ததே. தெரியாமல் கடிப்பது வேறு: வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக அனுப்பும் கட்டளையும் லாகின் ஷெல் வழியாகத்தான் ஓடும். ஃபிஷ்ஷின் எழுத்துமுறை பாஷிலிருந்து வேறு, அதற்கு மாறியபின் இரவு பேக்கப் ஸ்கிரிப்ட் உடைந்தால் அங்கே தேடுங்கள்.

என் சர்வரா? நல்லவேளை, ரூட்டின் ஷெல்லைத் தொட்டிருக்கவில்லை. எஸ்எஸ்எச்சில் ரூட்டுக்கு அனுமதி இல்லாததால் பிரவுசர் வழியே சர்வரின் நேரடித் திரையான கன்சோலைத் திறந்து ரூட்டாக நுழைந்து, பாதையில் விட்டுப்போன /யூஎஸ்ஆர்/லோக்கலைச் சேர்த்தேன்.