தாளே கவிதை: காட்சிக் கவிதைகளைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

முதலில் இதைப் பாருங்கள்.

அமைதி  அமைதி  அமைதி
அமைதி  அமைதி  அமைதி
அமைதி　　　　　அமைதி
அமைதி  அமைதி  அமைதி
அமைதி  அமைதி  அமைதி

பொலிவியாவில் பிறந்த சுவிஸ் கவிஞர் ஓய்கன் கோம்ரிங்கர் 1950களில் எழுதிய கவிதையின் அமைப்பு இது. பதினான்கு முறை ஒரே சொல். ஆனால் உண்மையிலேயே அமைதியாக இருப்பது நடுவில் உள்ள வெற்றிடம்தான். இதையே ஒரே பத்தியாகத் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கவிதை காணாமல் போய்விடும். சொற்கள் தாளில் நிற்கும் அமைப்பே பொருளாகும் இந்த வகைக்குக் கான்கிரீட் கவிதை என்று பெயர். அதைச் சேகரிப்பவர் அச்சேறிய அந்தத் தாளையே தேடி அலைவதற்குக் காரணம் இதுதான்.

படி 1: கண்ணைப் பழக்குங்கள்

முதல் ஆறு மாதம் எதையும் வாங்காதீர்கள். எம்மெட் வில்லியம்ஸ் தொகுத்து 1967இல் வெளிவந்த கான்கிரீட் கவிதைத் தொகைநூலையும், மேரி எலன் சோல்ட்டின் 1968ஆம் ஆண்டுத் தொகுப்பையும் தேடிப் பாருங்கள். உபுவெப் இணையத்தளத்தில் இலவசமாகவே நிறையக் கிடைக்கும்.

"நம்மிடம் சித்திரக்கவி இருக்கிறதே" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அணியிலக்கண நூலான தண்டியலங்காரமே, செய்யுளைப் படத்துக்குள் அடக்கும் நாகபந்தத்தையும் சக்கரத்தையும் பேசுகிறது. ஆனால் நாகபந்தத்தில் பாம்பின் படத்தை எடுத்துவிட்டாலும் செய்யுள் நிற்கும். கோம்ரிங்கரிடம் அமைப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு சொல் மட்டுமே.

படி 2: எல்லை போடுங்கள்

ரூத் சாக்னர், மார்வின் சாக்னர் தம்பதியர் 1979இல் அமெரிக்காவின் மயாமி பீச்சில் கான்கிரீட், காட்சிக் கவிதைகளுக்கான தங்கள் காப்பகத்தைத் தொடங்கினார்கள். மார்வின் நுரையீரல் மருத்துவர். சேகரிப்பு 75,000 உருப்படிகளைத் தாண்டி வளர்ந்து, 2019இல் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனது. நமக்கு அந்த வீடும் இல்லை, வருமானமும் இல்லை. அதனால் தட்டச்சுக் கவிதை மட்டும், அஞ்சலட்டை மட்டும், ஒரே பதிப்பகம் மட்டும் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் இயன் ஹாமில்டன் ஃபின்லே 1961இல் தொடங்கிய வைல்ட் ஹாத்தார்ன் பிரஸ் என்ற பதிப்பகம் ஏராளமான சிறு கவிதை அட்டைகளை அச்சிட்டது. புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான்.

படி 3: தாளைத் திருப்பிப் பாருங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெனடிக்டைன் துறவியான சில்வெஸ்டர் ஊவெதார், ஒலிவெட்டி தட்டச்சுப் பொறியிலேயே கோபுரங்களையும் படிக்கட்டுகளையும் எழுப்பியவர். அப்படிப்பட்ட ஒரு தாள் "மூலப்பிரதி" என்று விற்பனைக்கு வந்தால் முன்பக்கத்தை ரசிப்பதைத் தள்ளிவையுங்கள். பின்பக்கத்தைத் திருப்பி, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பொறியில் அடித்த தாள் என்றால் எழுத்துகள் முண்டு முண்டாகத் தெரியும், விரல் நுனியிலும் உறுத்தும். முற்றுப்புள்ளி சில சமயம் தாளையே துளைத்திருக்கும். கார்பன் பிரதியில் எழுத்தின் ஓரம் மசமசவென்று இருக்கும். ஆஃப்செட் அச்சில் பின்பக்கம் வழவழவென்று இருக்கும்.

நேரில் பார்க்க முடியாதபோது, சாய்ந்த ஒளியில் எடுத்த பின்பக்கப் படத்தையும் மில்லிமீட்டரில் அளவையும் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

சைக்ளோஸ்டைல் பிரதியை (மெழுகுத் தாளில் வெட்டிய எழுத்து வழியே மை செலுத்தி எடுப்பது) மட்டும் "வெறும் நகல்" என்று ஒதுக்கிவிடாதீர்கள். லண்டனில் கவிஞர் பாப் காபிங் நடத்திய ரைட்டர்ஸ் ஃபோரம் என்ற சிறு பதிப்பகம் அந்த முறையில்தான் பல வெளியீடுகளைக் கொண்டுவந்தது. அங்கே அதுதான் முதல் பதிப்பு.

படி 4: பதிவேடு

ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், அளவு, அச்சு முறை, விலை, வாங்கிய இடம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தாளிலேயே ஏதாவது குறித்தாக வேண்டுமென்றால், பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

படி 5: பாதுகாப்பு

அமிலமில்லாத அட்டை, பாலியெஸ்டர் உறை. பிவிசி உறை கூடாது. செல்லோடேப் கூடாது. ஜன்னல் வெயில் கூடாது. இதழோடு வந்த ஸ்டேபிள் பின்னைப் பிடுங்காதீர்கள், நீங்களாகப் புதிதாக ஒன்று குத்தவும் வேண்டாம், ஈரக்காற்றில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மாதம் ஒரு முறை பெட்டியைத் திறந்து ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

லேமினேஷன் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நான் வாங்கிய அட்டை ஒன்றை, பத்திரமாக இருக்கட்டும் என்று தெருமுனைக் கடையில் கொடுத்து லேமினேட் செய்துவிட்டேன். சூட்டில் மை லேசாகப் பரவியது, பிளாஸ்டிக்கை இனிப் பிரிக்கவும் முடியாது. இப்போது அதன்மேல்தான் தேநீர்க் கோப்பையை வைக்கிறேன்.