பழைய பக்கத்திலேயே எழுதட்டும்

"இந்த வருஷம் நீ எப்படி வளர்ந்தாய்?" என்று கேட்டால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 'நான் பொறுப்புள்ளவனாக மாறினேன்' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். வகுப்பு முழுக்க அதே வரி. அதனால் கேள்வியைச் சுருக்கிவிட்டேன்: போன மாதம் செய்யப் பயந்து, இந்த மாதம் செய்த ஒரு காரியம். இடமும் கிழமையும் கட்டாயம் வேண்டும். காட்பாடி ஸ்டேஷனில் தனியாக டிக்கெட் எடுத்ததை ஒரு மாணவி அரைப் பக்கம் எழுதினாள், சில்லறை குறைந்தபோது கை நடுங்கியது வரை.

வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனாலும் இதே வழிதான். கிளம்புவதற்கு முன்பே, 1806 சிப்பாய்ப் புரட்சியைப் பற்றித் தெரிந்ததை ஐந்து வரி எழுத வையுங்கள். திரும்பி வந்ததும் அதே பக்கத்தில், வேறு நிற மையில், தன் எண்ணத்தில் எது மாறியது என்று எழுதட்டும். அகழியின் அழகை வர்ணிக்க ஆரம்பித்தால் மட்டும் நிறுத்திவிடுங்கள்!

அப்புறம், இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். எழுத்துப்பிழையைச் சிவப்பு மையில் சுழித்தால் அடுத்த முறை பொய்தான் வரும். ஓரத்தில் "பிறகு என்ன ஆச்சு?" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதன் கீழேயே பதில் எழுதச் சொன்னால் போதும்.