கண் திறக்காத பூனைக்குட்டியைக் கையில் எடுக்கும் முன்

மாடிப்படிக்கு அடியிலோ பரணிலோ பூனை குட்டி போட்டுவிட்டால் வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளாது. கொஞ்ச நேரம் தாயைக் காணவில்லை என்றால் குட்டிகள் அநாதையாகிவிட்டதாக நினைத்து அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறோம். பெரும்பாலும் தாய் இரை தேடிப் போயிருக்கும், இல்லையென்றால் நாம் நகர்வதற்காகப் பக்கத்திலேயே பதுங்கியிருக்கும். சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். வயிறு நிறைந்து, ஒன்றோடொன்று ஒட்டித் தூங்கும் குட்டிகளுக்குத் தாய் இருக்கிறது. உடம்பு சில்லிட்டு, வயிறு ஒட்டி, ஓயாமல் கத்தினாலோ எறும்பு மொய்த்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே எடுங்கள்.

மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. தொல்லைதான் பிரச்சினை. குட்டிகளைப் பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். நாம் ஓயாமல் எட்டிப் பார்த்தால் அந்த அலைச்சல் கூடும், வழியில் நாயும் வண்டியும் இருக்கின்றன. முதல் இரண்டு வாரம், பழகிய வீட்டுப் பூனையின் குட்டிகளை மட்டும் தினம் ஒரு தடவை எடை பார்க்க எடுக்கலாம். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும், நாளுக்குச் சுமார் 10 கிராம் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாய் உண்மையிலேயே இல்லாதபோது நடக்கும் ஒரு தவறு குட்டியைக் கொன்றுவிடலாம். குளிர்ந்து கிடக்கும் குட்டியின் வாயில் அவசரமாகப் பாலை ஊற்றுகிறார்கள். முதல் வாரத்தில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது, சூட்டுக்கு முழுக்கத் தாயையே நம்பியிருக்கிறது. உடம்பு குளிர்ந்தால் குடலும் வேலை செய்யாது, குடித்த பால் செரிக்காமல் தங்கிவிடும். அதனால் முதலில் சூடு, பிறகுதான் பால். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் காலியாக இருக்கட்டும். நம் ஊர் வெயிலில் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். ஆனால் வெறும் டைல்ஸ் தரையும் மின்விசிறிக் காற்றும் போதும், குட்டி விறைத்துவிடும்.

பசும்பால் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், அந்த வயதில் அதுவே உயிரைக் குடிக்கும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரைக் கரைத்து, முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுங்கள், இரவிலும்தான். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டவே கூடாது. பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோலக் குப்புறப் படுத்திருக்கட்டும், தலை லேசாக நிமிரட்டும். ஒவ்வொரு தடவையும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் தடவுங்கள். சுமார் மூன்று வாரம் வரை அந்தத் தூண்டல் இல்லாமல் சிறுநீரும் மலமும் போகாது. பலருக்கும் இது தெரியாது.

குளிப்பாட்டாதீர்கள். தெள்ளுப்பூச்சிக்கு நாய்களுக்கான மருந்தைப் போடாதீர்கள், அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு விஷம்.

இரண்டு வாரம் கழிந்ததும் தாராளமாகக் கையில் எடுத்துக் கொஞ்சலாம். ஏழாவது வாரம் வரை மனிதர்களிடம் பழக்க ஏற்ற காலம் அது. ஆனால் எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்த பிறகே இன்னொரு வீட்டுக்குக் கொடுங்கள். எடுக்கும்போது தாய் கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.