சைல்டு சீட்டின் பக்கச் சிறகுகளுக்குள் குழந்தையின் தலை இருக்கிறதா? படிப்படியாகச் சரிபார்ப்பது எப்படி

சைல்டு சீட் வாங்கப் போகிறவர்களின் கண் முதலில் போவது, தலைப்பகுதியின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தடித்த சிறகுகள் மீதுதான். எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு என்று மனசுக்குப் படும். சிறகுகள் கட்டாயம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வண்டி மோதும் கணத்தில் குழந்தையின் தலை அவற்றுக்கு நடுவே இருந்தால் மட்டுமே அவை வேலை செய்யும். தலை அவற்றைத் தாண்டி முன்னே வந்துவிட்டால் அங்கே தாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

இதை 2010இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் கேமரா வைத்தே பார்த்தார்கள். 3 முதல் 6 வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகள். பெற்றோர் கார் ஓட்ட, குழந்தைகள் பின்சீட்டில், முதுகுள்ள பூஸ்டரில் (காரின் பெல்ட்டே சரியாகப் படியும்படி குழந்தையை உயர்த்தும் சீட்) உட்கார்ந்து போனார்கள். பெரிய சிறகுள்ள பூஸ்டர் ஒன்று, சிறிய சிறகுள்ளது ஒன்று. எல்லாக் குழந்தைகளும் இரண்டிலும் உட்கார்ந்தார்கள். சிறிய சிறகுள்ளதில் பயண நேரத்தில் சராசரியாக 75 சதவீதம் தோள் பூஸ்டரின் முதுகுப்பகுதியில் பட்டிருந்தது. பெரிய சிறகுள்ளதில் 45 சதவீதம்தான். இரண்டிலுமே பாதி நேரத்துக்கு மேல் தலை சிறகின் விளிம்பைத் தாண்டி முன்னால் இருந்தது. ஆறே குழந்தைகளை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. என்றாலும் காரணம் எளிதில் புரிகிறது: பக்கத்தில் பார்வை மறைந்தால் குழந்தை எட்டிப் பார்க்கத்தான் செய்யும்.

ஆகவே சிறகின் அளவைவிடக் குழந்தை உட்கார்ந்திருக்கும் விதத்தையே நான் முதலில் பார்ப்பேன். கீழே உள்ள படிகள் அதற்காகத்தான்.

பக்கவாட்டு மோதலில் என்ன நடக்கிறது?

எதிரே மோதினால் பானெட்டும் இன்ஜின் பகுதியும் நசுங்கி, வேகத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பக்கத்தில் அப்படி இடம் கிடையாது. குழந்தைக்கும் மோதும் வண்டிக்கும் நடுவில் ஒரு கதவுதான். அந்தக் கதவும் உள்ளே தள்ளப்பட்டு வரும். கார் ஒரு பக்கமாக உந்தப்பட, உடல் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதனால் தலை கதவை நோக்கிப் போவதுபோல் ஆகும். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு எட்டில் ஒரு பங்குக்குப் பக்கம். அவ்வளவு கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளில் இன்னும் பெரும்பகுதி குருத்தெலும்பு. சிறகுக்குள் இருக்கும் நுரை நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. சிறகின் சுவர் தலையைக் கதவிலோ கண்ணாடியிலோ படாமல் தடுக்கிறது.

இன்னொன்று: பக்கவாட்டு மோதல்கள் பெரும்பாலும் நேர்ப்பக்கமாக நடப்பதில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டிருப்பார், கார் முன்னே போய்க்கொண்டிருக்கும். எனவே தலை முன்னும் பக்கமுமாகச் சாய்வாக நகரும். பின்னோக்கி, அதாவது காரின் பின்பக்கம் பார்த்து, அமரும் சீட்டில் பிரேக் போட்டால் குழந்தை சீட்டின் கூட்டுக்குள் இன்னும் ஆழமாக அழுந்தும், தலை சிறகுகளுக்குள்ளேயே நிற்கும். முன்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு அதே பிரேக் தலையை வெளியே கொண்டுவரும். சீட் அனுமதிக்கும் உயரமும் எடையும் தாண்டும்வரை பின்னோக்கியே உட்கார வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: லேபிளைப் பாருங்கள்

சீட்டின் அடியிலோ பின்புறத்திலோ செம்மஞ்சள் நிற லேபிள் இருக்கிறதா என்று தேடுங்கள். ஐநா விதிமுறைகளைப் பின்பற்றும் சீட்டுகளில் இது இருக்கும். பழைய விதி ஆர்44. அதில் பக்கவாட்டு மோதல் சோதனையே கிடையாது. 2013இல் நடைமுறைக்கு வந்த ஆர்129இல் அந்தச் சோதனை கட்டாயம். குழந்தை குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்பதும் அதில் உண்டு. ஆர்44 சீட்டில் பெரிய சிறகுகள் இருக்கலாம், அவை நன்றாகவே வேலை செய்யவும் கூடும். ஆனால் அந்த விதியின் கீழ் யாரும் அதைச் சோதித்திருக்க வேண்டியதில்லை.

படி 2: சீட்டை இறுக்கமாகப் பொருத்துங்கள்

பெல்ட் அல்லது ஐசோஃபிக்ஸ் (சீட்டைக் காரின் உடலோடு நேராக மாட்டும் கொக்கி) பிடிக்கும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுங்கள். எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக்கூடாது. முதுகுள்ள பூஸ்டர் என்றால், கார் சீட்டின் ஹெட்ரெஸ்ட் அதை முன்னே தள்ளுகிறதா என்று பாருங்கள். தள்ளினால் பூஸ்டரின் முதுகு செங்குத்தாகிவிடும், குழந்தை தூங்கும்போது தலை முன்னே தொங்கும். ஹெட்ரெஸ்ட்டை உயர்த்தலாமா, கழற்றலாமா என்பது சீட்டின் கையேட்டில் இருக்கும்.

சில சீட்டுகளில் கதவுப் பக்கம் வெளியே இழுத்துவிடும் கூடுதல் காப்பு இருக்கும். அதை இழுத்துவிட மறந்தே பலர் ஓட்டுகிறார்கள். இருந்தால், கதவை ஒட்டிய பக்கத்தில் விரித்துவிடுங்கள்.

படி 3: இடுப்பு பின்னால் போகட்டும்

தலை எங்கே இருக்கும் என்பதை முடிவு செய்வது இடுப்புதான். பிட்டம் சீட்டின் மூலைவரை போயிருக்க வேண்டும், முதுகு முழுக்கப் படிந்திருக்க வேண்டும். அடிப்பகுதி குழந்தையின் தொடையைவிட நீளமாக இருந்தால், முழங்காலை மடக்க வசதியில்லாமல் குழந்தை முன்னே வழுக்கி வரும். அப்போது உடல் சரியும், தலை சிறகுகளுக்குக் கீழே இறங்கும், இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறும். பெல்ட் வயிற்றில் ஏறுவது தனியே பெரிய ஆபத்து.

தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள். தலையின் பின்பக்கம் கெட்டியான கிளிப்போ உயரமான கொண்டையோ இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அது தலையை முன்னே தள்ளி, சிறகின் விளிம்புக்குக் கொண்டுவரும்.

படி 4: தலைப்பகுதியின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்

சீட் புதிதாக வந்த அன்று ஒருமுறை சரிசெய்துவிட்டு அப்படியே விட்டுவிடும் இடம் இது. குழந்தை வளர்ந்துகொண்டே இருக்கிறது.

பெரும்பாலான சீட்டுகளில் தலைப்பகுதியும் தோள் வாரும் (சீட்டோடு வரும் பட்டை) சேர்ந்தே ஏறி இறங்கும். பின்னோக்கி அமரும் குழந்தைக்குத் தோள் வார் தோளின் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழிருந்து வர வேண்டும். முன்னோக்கி அமர்பவருக்குத் தோளின் மட்டத்தில் அல்லது சற்று மேலிருந்து. பூஸ்டரில் பெல்ட் நுழையும் வழிகாட்டி தோளுக்குச் சற்று மேலே நின்றால் போதும். பிறகு பக்கத்திலிருந்து பாருங்கள்: காதும் நெற்றிப்பொட்டும் சிறகின் சுவருக்குள் மறைய வேண்டும். கன்னம் மட்டும் மறைந்து நெற்றிப்பொட்டு மேலே தெரிந்தால் தலைப்பகுதி தாழ்ந்திருக்கிறது. சிறகு தோளில் முட்டினாலும் அதுவே பொருள்.

படி 5: வாரையும் பெல்ட்டையும் இறுக்குங்கள்

தோளெலும்புக்கு மேலே வாரை இரண்டு விரலால் நெடுக்காகக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது. பூஸ்டரில் இடுப்பு பெல்ட் தொடையை ஒட்டித் தாழ்வாகவும், தோள் பெல்ட் தோளின் நடுவிலும் போக வேண்டும்.

பூஸ்டருக்கு மட்டும் ஒரு சோதனை. குழந்தையை முன்னே சாயச் சொல்லி, மறுபடி பின்னே சாயச் சொல்லுங்கள். வெளியே வந்த பெல்ட் தானாக உள்ளே சுருண்டுகொள்ள வேண்டும். வழிகாட்டியில் சிக்கிக்கொண்டால் தொளதொளவென்று நின்றுவிடும், அந்த நிலையில் மோதினால் தலை சிறகுகளைத் தாண்டி வெகுதூரம் போகும்.

படி 6: ஓடும் காரில் கவனியுங்கள்

நிறுத்திய காரில் எல்லாக் குழந்தையும் ஒழுங்காகத்தான் உட்காரும். இன்னொரு பெரியவர் பின்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வழக்கமான பயணம் ஒன்றில் பார்க்கட்டும். தலை எத்தனை முறை விளிம்பைத் தாண்டுகிறது, எப்போது தாண்டுகிறது என்பதுதான் கேள்வி. ஓட்டுபவர் திரும்பிப் பார்க்கவே கூடாது.

காரணம் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாக இருக்கும். முன் சீட்டில் பேசுவது கேட்காமல் காதை நீட்டுவது. அப்படியென்றால் பேசுபவர் குரலை உயர்த்தினால் போதும். டேப்லெட்டை மடியில் வைத்துக் குனிந்து பார்ப்பது. மோதலில் அது கையிலிருந்து பறந்து அடிக்கவும் செய்யும், எனவே எனக்கு அது சீட்டில் இருக்கவே வேண்டாம். கதையைக் காரின் ஸ்பீக்கரில் போட்டால் குனிய வேண்டியதில்லை. தலையில் மாட்டும் பெரிய ஹெட்போன் சிறகுகளுக்குள் அடங்காமல் தலையை வெளியே தள்ளும்.

சாலையைப் பார்க்க ஆசைப்பட்டு எட்டுகிறது என்றால் அதைக் குறும்பு என்று சொல்லாதீர்கள். சிறகு பார்வையை மறைக்கிறது, அவ்வளவுதான். கையேடு அனுமதித்து, சீட் உறுதியாகவும் பொருந்தினால் நடு இருக்கைக்கு மாற்றிப் பாருங்கள். அங்கிருந்து முன்கண்ணாடி வழியே தெரியும், இரண்டு கதவுகளும் தள்ளியும் இருக்கும். இனிமேல்தான் சீட் வாங்கப் போகிறீர்கள் என்றால், குழந்தையை உட்கார வைத்து, சாய்ந்தபடியே வெளியே பார்க்க முடிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பக்கவாட்டு சோதனையில் தேறிய இரண்டு சீட்டுகளில், குழந்தை பின்னே சாய்ந்து உட்காருவது எதிலோ அதைத்தான் நான் எடுப்பேன், அதன் சிறகு சிறியதாக இருந்தாலும்.

படி 7: தூங்கும்போது

கைக்குழந்தையின் முகவாய் நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப்பாதை மடங்கும். பின்னோக்கிய சீட்டின் சாய்வுக் குறியீட்டைப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்யுங்கள். பெரிய குழந்தைக்கு, கையேடு அனுமதிக்கும் அளவு சீட்டைச் சாய்த்தால் தலை சிறகில் சாய்ந்து நிற்கும். அப்படியும் முன்னே விழுந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, இடுப்பைப் பின்னே தள்ளி உட்கார வையுங்கள்.

தலை தொங்காமலிருக்க நெற்றியில் கட்டும் பட்டை விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். மோதலில் உடல் முன்னே போகும்போது தலை மட்டும் கட்டுண்டு நின்றால், முழு இழுவையும் கழுத்தில்தான் விழும். சீட்டோடு வராத தலையணைகளும் சிறகுக்குள் திணிக்கும் துண்டுகளும் வேண்டாம்.

படி 8: எப்போது மாற்றுவது?

முன்னோக்கிய வார் சீட்டில் காதின் மேல்நுனி கூட்டின் விளிம்பைத் தாண்டினால் அது சிறிதாகிவிட்டது. பின்னோக்கிய சீட்டில் உச்சந்தலைக்கு மேல் 2.5 செ.மீ. இடம் இருக்க வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள். உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பூஸ்டரில் தலைப்பகுதியை உச்சிவரை ஏற்றியும் தோள் வழிகாட்டியைத் தாண்டினால் மாற்றும் நேரம்.

முதுகில்லாத பூஸ்டருக்கு அவசரப்பட்டு மாறாதீர்கள். அதில் சிறகே இல்லை. 2017க்குப் பிறகு ஆர்44இன் கீழ் புதிதாக ஒப்புதல் பெற்ற முதுகில்லாத மாதிரிகள் 125 செ.மீ. உயரமும் 22 கிலோ எடையும் தாண்டியவர்களுக்கு மட்டுமே. அதற்குப் பிறகும், முதுகுள்ளதில் குழந்தை கொள்ளும்வரை அதிலேயே விடுங்கள்.