பந்திக்குப் பிந்து: ஓசி சீட்டில் ஊர் போகும் புது பைலட்டுகளுக்கு

எனக்கு வீடு நங்கநல்லூரில், பேஸ், அதாவது பைலட் வேலைக்குக் கிளம்பும் ஊர், பெங்களூரில். லீவு முடிந்து வேலைக்குப் போவதும் வேலை முடிந்து வீடு திரும்புவதும் ஓசி சீட்டில்தான். போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், "அண்ணா, ஐடி கார்டைக் காட்டினா ஏத்திக்குவாங்களா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

படி 1: எந்த ஓசி என்று தெரிந்துகொள்ளுங்கள்

'ஓசி' என்ற சொல்லே கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் தபால்தலை ஒட்டாமல் போன கம்பெனிக் கடிதங்களிலிருந்து வந்தது என்பார்கள். கம்பெனி வேலைக்கு ஓசி சரி, சொந்த வேலைக்கு? நம் குழப்பமும் இதேதான்.

வேறு ஊரிலிருந்து விமானம் ஓட்டுவதற்காக கம்பெனியே உங்களைப் பயணியாக அனுப்பினால் அது டெட்ஹெட். சீட் உறுதி, டியூட்டிக் கணக்கிலும் சேரும். சொந்த வேலையாக, இடம் மிஞ்சினால் ஏறுவது ஸ்டாண்ட்பை. 'சப்லோ டிக்கெட்' என்று ஸ்டாஃப் சொல்வது இதைத்தான். லோடு, அதாவது விமானம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துத்தான் சீட். மூன்றாவது, காக்பிட்டுக்குள் ஓட்டுபவர்களுக்குப் பின்னால் இருக்கும் உபரி இருக்கை, ஜம்ப் சீட். கடைசி இரண்டிலும் நீங்கள் டியூட்டியில் இல்லை. இடம் கிடைக்காமல் வேலைக்குத் தாமதமாகப் போனால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

அமெரிக்காவில் ஒரு கம்பெனி பைலட் இன்னொரு கம்பெனியின் ஜம்ப் சீட்டில் சர்வசாதாரணமாகப் போய் வருவார். அவர் உண்மையிலேயே பைலட்தானா, வேலையில் இருக்கிறாரா என்று போர்டிங் கேட்டிலேயே கணினியில் சரிபார்க்க 'காஸ்' என்று ஓர் ஏற்பாடு அங்கே இருக்கிறது. வீடியோவில் அதைப் பார்த்துவிட்டு மீனம்பாக்கத்தில் வந்து நிற்காதீர்கள். இங்கே யார் உட்காரலாம், யார் அனுமதி வேண்டும் என்பது உங்கள் கம்பெனி ஆபரேஷன்ஸ் மேனுவலில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

படி 2: லோடு பாருங்கள்

முந்தின இரவே எத்தனை சீட் காலி, உங்களுக்கு முன்னால் எத்தனை ஸ்டாஃப் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஞாயிறு இரவு சென்னை-பெங்களூர், தீபாவளிக்கு முந்தின நாள், பொங்கல் முடிந்த மறுநாள், இதிலெல்லாம் நம்பிக்கை வைக்காதீர்கள்.

மழைக்காலத்துக்குத் தனிக் கணக்கு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் வெள்ளம் ஏறி சென்னை விமான நிலையத்தை மூடினார்களே, அதுபோன்ற நாளில் ஆபத்து மூடியதோடு முடிவதில்லை. திறந்த பிறகு, ரத்தான விமானங்களின் பயணிகள் எல்லோரும் அடுத்த விமானங்களில் ஏறுவார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஓசி சீட்டை மறந்துவிடுங்கள்.

படி 3: பயணி மாதிரியே உள்ளே போங்கள்

லீவில் போகும்போது பயணிகள் வாசல், பயணிகள் வரிசை. டியூட்டி பாஸைக் காட்டிக் குறுக்கு வழியில் போகப் பார்க்காதீர்கள். காலர் வைத்த சட்டை, ஷூ போதும். அரை டிராயரும் ரப்பர் செருப்பும் வேண்டாம். பெட்டி ஒன்றே ஒன்று, சின்னதாக.

படி 4: கடைசிப் பந்திக்குக் காத்திருங்கள்

கல்யாண வீட்டில் பெண் வீட்டார் எப்போது சாப்பிடுவார்கள்? வந்தவர்கள் எல்லோரும் கை கழுவிய பிறகு. ஸ்டாண்ட்பையும் அப்படித்தான். 'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பதை நாம் தலைகீழாகப் படிக்க வேண்டும். கவுன்டரில் போய் "ஸ்டாண்ட்பை, லிஸ்ட்ல இருக்கேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். பிறகு அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி தள்ளி உட்காருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் "என்னாச்சு மேடம்?" என்று கேட்டால் சீட் முளைக்காது.

ஏறி உட்கார்ந்த பிறகும் உறுதியில்லை. ஒரு முறை பதினான்காவது வரிசையில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தேன். கேட் ஸ்டாஃப் வந்து குனிந்து, "சார், ஒரு பாட்டி லேட்டா வந்துட்டாங்க" என்றார். எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, "பரவால்லம்மா" என்று இறங்கிவிட்டேன். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை முனகக்கூடாது. அவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள். நம் வருத்தம் அவர்கள் காதில் விழவே கூடாது.

படி 5: கேப்டனிடம் கேளுங்கள்

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கியிருக்கிறேன்.

முதல் தடவை ஜம்ப் சீட் கிடைத்தபோது கேட் ஸ்டாஃப், "போங்க சார், சொல்லியாச்சு" என்றார். நேராக உள்ளே போனேன். காக்பிட்டில் யாரும் இல்லை. பையைச் சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கேப்டன் வந்தார். என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "தம்பி, ஆள் இல்லாத வீட்டுக்குள்ள செருப்போட வந்து நிக்கறீங்களே" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் சுருக்கென்றது. பையை எடுத்துக்கொண்டு, சாப்பாடு வைத்திருக்கும் 'கேலி' பகுதிக்கு வந்து நின்றேன். அவர் தன் வேலைகளை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, ஐடியும் லைசென்ஸும் வாங்கிப் படம், பெயர், தேதி மூன்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகுதான், "வாங்க, உட்காருங்க."

ஆகவே, கதவுக்கு வெளியே நில்லுங்கள். முதலில் சீனியர் கேபின் க்ரூவிடம் யார் என்று சொல்லுங்கள். கேப்டன் நிமிர்ந்து பார்த்ததும், ஐடியைக் கையில் வைத்துக்கொண்டு, "வணக்கம் கேப்டன், நான் இன்ன பேஸ் ஃபர்ஸ்ட் ஆபீசர். உங்களுக்குச் சம்மதம்னா பெங்களூர் வரைக்கும் ஜம்ப் சீட்ல வரலாமா?" என்று கேளுங்கள். 'சார்' என்பதா 'மேடம்' என்பதா என்ற தயக்கமே வேண்டாம், 'கேப்டன்' எல்லோருக்கும் பொருந்தும். பேப்பர் எல்லாம் சரியாக இருந்தாலும் அவர் முடியாது என்றால் முடியாதுதான். காரணம் கேட்காதீர்கள். முன்கூட்டியே கேட்பதில் ஒரு கணக்கும் இருக்கிறது: உங்களையும் சேர்த்துத்தான் லோட் ஷீட்டில் எடையும் ஆள் எண்ணிக்கையும் வர வேண்டும்.

அவர் ஏன் இவ்வளவு உற்றுப் பார்க்கிறார் என்று கோபம் வந்தால் 2023 அக்டோபர் 22-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஹொரைசன் ஏர் விமானத்தில் டியூட்டி இல்லாமல் ஜம்ப் சீட்டில் வந்த ஒரு பைலட், பறக்கும்போதே இரண்டு எஞ்சின்களின் தீயணைப்பு ஹேண்டில்களையும் இழுக்கப் போனார். இழுத்தால் எஞ்சின் நின்றுவிடும். இருந்த இரண்டு பைலட்டுகள் தடுத்ததால் தப்பித்தார்கள். அவரும் முறையாக அனுமதி வாங்கி உட்கார்ந்தவர்தான்.

இன்னொன்று, ஜம்ப் சீட் நண்பர்களுக்குக் காட்டும் பொருட்காட்சி அல்ல. 2023 பிப்ரவரியில் துபாய்-டெல்லி ஏர் இந்தியா விமானத்தில் கேப்டன் தன் தோழியைக் காக்பிட்டுக்குள் உட்கார வைத்ததற்கு, விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ, கம்பெனிக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. கேப்டனின் லைசென்ஸ் மூன்று மாதம் நிறுத்தப்பட்டது.

படி 6: உள்ளே எப்படி இருப்பது

ஆக்சிஜன் மாஸ்க் எங்கே, தோள்பட்டை பெல்ட்டை எப்படிக் கழற்றுவது, வெளியேறும் வழி எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ320 என்றால் பக்கவாட்டு ஜன்னலும் கயிறும். தூத்துக்குடி போகும் சின்ன ஏடிஆர் விமானம் என்றால் தலைக்கு மேலே இருக்கும் மூடி. உங்களுக்கு எல்லாம் தெரியும்தான், இருந்தாலும் அவர் சொல்லட்டும்.

10,000 அடிக்குக் கீழே வேலை சம்பந்தமில்லாத பேச்சே கூடாது. அதற்கு மேலே போனாலும் அவர்கள் பேச்சு கொடுத்தால் பேசுங்கள். போன் அணைந்து பைக்குள் இருக்கட்டும், படம் எடுக்கவே வேண்டாம். முந்தின இரவு பார்ட்டி என்றால் இந்த சீட்டைக் கேட்காதீர்கள். ஓட்டுபவருக்கு 12 மணி நேரம் மது கூடாது என்றால், முழங்கை தூரத்தில் உட்காரும் உங்களிடமிருந்து வாடை வந்தால் எப்படி இருக்கும்?

ஆனால் பேசாமல் இரு என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. கண்ணில் ஏதாவது தப்பாகப் பட்டால் சொல்லியே ஆக வேண்டும். 2018 அக்டோபர் 28 அன்று பாலியிலிருந்து ஜகார்த்தா போன லயன் ஏர் 737 மேக்ஸ் தானாக மூக்கைக் கீழே அழுத்தியபோது, கோளாறைக் கண்டுபிடிக்க உதவியது ஜம்ப் சீட்டில் இருந்த மூன்றாவது பைலட். மூக்கை அப்படி அழுத்திய மோட்டாரின் ட்ரிம் சுவிட்சை அணைத்துவிட்டுப் பத்திரமாக இறங்கினார்கள். மறுநாள் அதே விமானம், அதே கோளாறு, மூன்றாவது ஆள் இல்லை. 189 பேர் போய்விட்டார்கள்.

உதவுவதிலும் முறை இருக்கிறது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் யுனைடெட் 232 விமானத்தில், திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக்ஸ் மொத்தமும் போனபோது, பயணியாக உட்கார்ந்திருந்த, பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பைலட் டென்னி ஃபிட்ச் காக்பிட்டுக் கதவைப் போய்த் தட்டவில்லை. தான் யார் என்று பணிப்பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். கேப்டன் அல் ஹெய்ன்ஸ் கூப்பிட்ட பிறகு போய், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில்களைக் கையில் எடுத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

படி 7: கேபினில் சீட் கிடைத்தால்

சாப்பாடு மிஞ்சினால் வாங்கிக்கொள்ளுங்கள், தேர்ந்தெடுக்காதீர்கள். லேண்டிங் பற்றி விமர்சனம் வேண்டாம். இறங்கும்போது கடைசியாக இறங்கி, காக்பிட்டுக் கதவருகே "தேங்க்யூ கேப்டன்" சொல்லுங்கள். க்ரூவுக்கு ஒரு பொட்டலம் முறுக்கு கொண்டுபோவது என் வழக்கம், கட்டாயமில்லை.

வீட்டாருக்கான சலுகை டிக்கெட்டிலும் இதே முறைதான். அவர்கள் கவுன்டரில் சத்தம் போட்டால் பேர் கெடுவது உங்களுக்கு. "சித்தப்பா பொண்ணுக்கும் ஒண்ணு போட்டுக் குடுடா" என்று அம்மா சொல்வார். லிஸ்டில் பேர் இல்லாதவருக்குக் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

படி 8: மாற்று வழி

ஒரே விமானத்தை நம்பாதீர்கள். நீங்கள் பிடிக்க நினைக்கும் விமானத்துக்குப் பிறகும் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும், அதுவும் போனால் ரயில். விமான நிலைய மெட்ரோவில் ஏறினால் நேராக சென்ட்ரல், அங்கே ராத்திரி பெங்களூர் மெயில். மறுநாள் காலையே டியூட்டி என்றால் இது உதவாது, தூக்கம் கெடும். ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிடுங்கள். பாட்டிக்கு சீட் விட்ட அன்று எனக்கு மறுநாள் மாலைதான் டியூட்டி. யூனிஃபார்மை ஹேங்கரோடு மேல் பெர்த் கொக்கியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். டிக்கெட் பரிசோதகர் தோள்பட்டைக் கோடுகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பைலட்டா சார்? ஃப்ளைட்ல இடமில்லையா?"

"இல்ல சார்."