பப்பில் ஃப்ரூட் மெஷின் ஆடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிரிட்டனில் பப்புக்கு வழக்கமாகப் போய், காசு போட்டால் படங்கள் சுழன்று ஒன்றுபோல நின்றால் பரிசு தரும் ஃப்ரூட் மெஷின் ஆடுகிற யாரிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், எல்லாரிடமும் ஒரு கணக்கு இருக்கும். மத்தியானத்திலிருந்து ஒருத்தர் காசைக் கொட்டியிருக்கிறார், இன்னும் ஜாக்பாட் விழவில்லை, அதனால் இனி விழுந்தே ஆகணும் என்பார்கள். நேற்று பெரிதாகக் கொடுத்துவிட்டது, இன்றைக்கு அதன் பக்கம் போகாதே என்பார்கள். இந்தக் கணக்கில் பாதி ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது, அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் ஆள் மாற்றி ஆள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். படிக்க வந்து பப்பில் பகுதிநேர வேலைக்குச் சேர்கிற நம் பிள்ளைகளும் அங்கே கேட்டதை அப்படியே நம்பிக் காசு போடுகிறார்கள்.

முதல் தவறு, மெஷின் கண்ணாடியில் எழுதியிருப்பதைப் படிக்காதது. பப்பில் வைக்க அனுமதியுள்ள பெரிய மெஷின் சி வகை. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 1 பவுண்டு, பரிசு அதிகபட்சம் 100 பவுண்டு, 18 வயது ஆகியிருக்க வேண்டும். பரிசு வரம்பு 2009-ல் 70 பவுண்டு ஆனது, 2014-ல் 100 ஆனது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது கீழே சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு விஷயங்களை. ஒன்று, சராசரியாக எத்தனை சதவீதம் திருப்பித் தருகிறது என்பது. இன்னொன்று, அது ரேண்டம் மெஷினா, காம்பென்சேட்டட் மெஷினா என்பது. டிஜிட்டல் திரை மெஷினில் இவற்றை உதவிப் பக்கத்துக்குள் போய்த் தேட வேண்டியிருக்கும். தேடுங்கள், அரை நிமிட வேலைதான்.

ரேண்டம் என்றால் ஒவ்வொரு ஆட்டமும் தனி. முன்னால் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது. ஐந்து நிமிடம் முன்பு ஜாக்பாட் கொடுத்த மெஷினும் ஒரு வாரமாகக் கொடுக்காத மெஷினும் அடுத்த ஆட்டத்தில் ஒன்றேதான். காம்பென்சேட்டட் வேறு மாதிரி. அது தன் சதவீதத்தைக் கணக்கு வைத்துக்கொண்டு, அதிகம் கொடுத்திருந்தால் இறுக்கும், குறைவாகக் கொடுத்திருந்தால் தளர்த்தும். முந்தைய ஆட்டங்கள் முடிவைப் பாதிக்கலாம் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். 80, 90-களில் பப்களில் இருந்த சுழலும் ரீல் மெஷின்கள் பெரும்பாலும் இந்த ரகம். எந்த மெஷின் எப்போது தளரும் என்று கவனித்து, ஊர் ஊராக பப் மாறி ஆடியே பிழைத்தவர்கள் அப்போது நிஜமாகவே இருந்தார்கள். சின்னப் பரிசுகளை வேண்டாம் என்று விட்டுவிட்டு மெஷினைப் பெரிய பரிசை நோக்கித் தள்ளுவது அவர்கள் கையாண்ட ஒரு வழி.

இன்றைக்குப் பல பப்களில் நிற்பது ஒரே பெட்டிக்குள் பல விளையாட்டுகள் உள்ள திரை மெஷின், அதில் நிறைய விளையாட்டுகள் ரேண்டம்தான். அதன் முன்னால் போய் நின்று, ‘அந்த ஆள் அறுபது பவுண்டு விட்டுட்டுப் போயிருக்கார், இது எனக்காகக் காத்திருக்கு’ என்று உட்காருவதில் ஒரு அர்த்தமும் இல்லை. சரி, காம்பென்சேட்டட் மெஷினாகவே இருந்தால்? அப்போதும் நீங்கள் பார்த்தது ஒரு சாயங்காலம் மட்டும். சதவீதம் சரியாவது பத்தாயிரம், லட்சம் ஆட்டம் என்ற நீளத்தில். அந்த அறுபதுக்கு முந்தைய வாரம் அது நானூறு கூடுதலாகக் கொடுத்திருந்தால், இன்னும் இறுக்கிக்கொண்டுதான் இருக்கும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. பாரில் நிற்பவரிடம் ‘இன்னைக்குக் கொடுத்துச்சா?’ என்று கேட்பதும் இதே போலத்தான். அவருக்கும் தெரியாது, அவரால் எதையும் மாற்றவும் முடியாது.

அடுத்தது சதவீதத்தைப் புரிந்துகொள்கிற விதம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 80 சதவீதம் என்று எழுதியிருந்தால், 20 பவுண்டு கொண்டு போனால் 16 பவுண்டோடு வரலாம், 4 பவுண்டுதானே, ஒரு பியர் காசு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 80 நீங்கள் கொண்டுபோன பணத்துக்கு இல்லை, ஆடிய ஒவ்வொரு பவுண்டுக்கும். 20 பவுண்டை ஒரு முறை முழுசாக ஆடி முடித்தால் சராசரியில் 16 மிஞ்சும். யாரும் அங்கே நிறுத்துவதில்லை, அந்த 16-ஐயும் ஆடுவார்கள், 12.80 ஆகும். அடுத்த சுற்றில் 10.24. அதற்கடுத்து 8.19, ஐந்தாவது சுற்றில் 6.55. மெஷின் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறது, உங்கள் பையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கிறது. ஜெயித்ததைத் தனியாக எடுத்து வைக்காமல் மெஷினுக்குள்ளேயே கிரெடிட்டாக விட்டு ஆடுகிற பழக்கத்தில் நடப்பது இதுதான்.

நேரத்தை வைத்தும் ஒரு கணக்குப் போடலாம். நிமிடத்துக்குப் பத்து ஆட்டம், ஆட்டத்துக்கு 1 பவுண்டு, மெஷின் 85 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் 600 பவுண்டு உருண்டிருக்கும், அதில் சராசரி நஷ்டம் 90. கையிலிருந்து போட்டது நாற்பதோ ஐம்பதோதான் என்பதால், 600 உருண்டது உறைக்கவே உறைக்காது. அந்த நாற்பதோ ஐம்பதோ ஒரு மணி நேரம் ஆகும் முன்பே தீர்ந்துபோகலாம் என்பது வேறு விஷயம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, சதவீதம் கூடும் என்பதற்காகப் பந்தயத்தை உயர்த்துவது. பல திரை மெஷின்களில் 25 பென்ஸில் ஆடுவதைவிட 1 பவுண்டில் ஆடினால் திருப்பித் தரும் சதவீதம் அதிகம். விவரம் தெரிந்த ஆட்கள் இதைச் சொல்லி, பவுண்டிலேயே ஆடு என்பார்கள். உதாரணத்துக்கு, 25 பென்ஸில் 80 சதவீதம், பவுண்டில் 90 சதவீதம் என்றே இருக்கட்டும். முதலாவதில் ஆட்டத்துக்கு 5 பென்ஸ் போகிறது, இரண்டாவதில் 10 பென்ஸ். நல்ல சதவீதத்தைத் தேடிப் போய் இரண்டு மடங்கு இழக்கிறீர்கள். பொழுதுபோக்குக்குத்தான் ஆடுகிறீர்கள் என்றால் குறைந்த பந்தயம், மெதுவான ஆட்டம், அவ்வளவுதான்.

அப்புறம், ஜெயித்ததை இன்னும் கூட்டிக்கொள்ளச் சொல்லி மெஷின் தரும் அந்த மேலே கீழே ஆட்டம். திரையில் 2 வந்திருக்கிறது, 1 முதல் 12 வரை எண்கள், அடுத்தது பெரிதா சின்னதா என்று கேட்கிறது. யாராக இருந்தாலும் பெரிது என்றுதான் அழுத்துவார்கள். 1 வருகிறது. ‘சே, என்ன ராசியோ’ என்று நொந்துகொண்டு இன்னொரு பவுண்டு போடுவார்கள். பழைய காம்பென்சேட்டட் மெஷின்களின் மென்பொருளைக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள், ஒரே கட்டத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு இரண்டு பொத்தானையும் சோதித்தார்கள். சில கட்டங்களில் பெரிது அழுத்தினாலும் தோல்வி, சின்னது அழுத்தினாலும் தோல்வி. மெஷின் முன்பே முடிவு செய்துவிட்டது, கேள்வி வெறும் ஒப்புக்கு. சில நேரம் வெல்ல வாய்ப்பே இல்லாத தேர்வையும் இந்த மெஷின் தரலாம் என்ற பொருளில் ஒரு வாசகத்தை நீங்கள் மெஷின்களில் பார்த்திருக்கலாம், அது இதைத்தான் சொல்கிறது. எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு, திறமையால் வெல்லலாம் என்று காட்டிவிட்டு அந்தத் திறமைக்கு இடமே வைக்காதது நியாயம் இல்லை. அப்படி ஒரு மெஷினில் 8 பவுண்டு ஜெயித்து நின்றால் எடுத்துக்கொள்ளுங்கள். 2 வந்திருக்கிறதே, நிச்சயம் மேலேதான் என்று கிளம்ப வேண்டாம்.

‘நூலிழையில் தவறிப்போச்சு’ என்பதும் இதே வகை. இரண்டு ஏழு நின்று மூன்றாவது ஒரு படி தள்ளி நின்றால், நெருங்கிவிட்டோம் என்று தோன்றும். நெருங்கவில்லை, அது முழுத் தோல்விதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் லூக் கிளார்க்கும் குழுவினரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மயிரிழையில் தவறும்போது ஜெயித்தால் மூளையில் எந்தப் பகுதிகள் வேலை செய்யுமோ அவற்றில் சிலவும் தூண்டப்பட்டதைக் கண்டார்கள். தோற்றது பிடிக்கவில்லை, ஆனாலும் மேலும் ஆடும் ஆசை கூடுகிறது.

விட்ட காசை விட்ட இடத்திலேயே பிடிக்கணும் என்ற பேச்சு நம் ஊரில் சீட்டுக்கட்டு காலத்திலிருந்தே உண்டு. பப் மெஷினில் அதற்கு ஒரு நேரடியான பதில் இருக்கிறது, பரிசு வரம்பு 100 பவுண்டு. நீங்கள் ஏற்கெனவே 140 விட்டிருந்தால், அந்த மெஷினின் ஆகப் பெரிய பரிசே விழுந்தாலும் 40 பவுண்டு நஷ்டத்தோடுதான் எழுந்திருப்பீர்கள். அந்த ஜாக்பாட்டுக்காக இன்னும் போடுவது கூடுதல் நஷ்டம். பல பப்களில் ஏடிஎம் மெஷினும் உள்ளேயே இருக்கும், இரண்டாவது, மூன்றாவது பியருக்குப் பிறகு அதுவரை நடக்கிற பத்தடி தூரம் ஒரு தூரமாகவே தெரியாது. ஆடப்போகிற காசை நோட்டாக எடுத்துக்கொண்டு, வங்கி அட்டையை வீட்டிலோ ஆடாத நண்பரிடமோ விட்டுவிட்டுப் போகிறவர்களை நான் மதிக்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு ‘மெஷினைக் காலி செய்யும் ரகசியம்’ விற்கிறவர்களிடம் மாட்டாதீர்கள். மென்பொருள் கோளாறால் அப்படி நடந்த பழைய மெஷின்கள் உண்டு, ஆனால் கண்டுபிடித்தவுடன் திருத்திவிடுவார்கள், உங்களுக்கு விற்கிற அளவுக்கு மலிந்துபோன ரகசியம் வேலை செய்யாது. மெஷினைக் குடைவது, போலிக் காசு போடுவது எல்லாம் நேரடியாகக் குற்றம். 2005-ம் வருட சூதாட்டச் சட்டத்தின் 42-வது பிரிவில் மோசடி செய்தால் இரண்டு வருடம் வரை சிறை. விசாவில் இருக்கிறவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு ஆடுவதாக இருந்தால், பங்கை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், எப்போது நிறுத்துவது என்பதையும்.

ஆட்டம் கை மீறிப் போகிறது என்று தோன்றினால், ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சூதாட்டத்திலிருந்து தன்னைத்தானே தடுத்துக்கொள்ளப் பதிகிற கேம்ஸ்டாப் சேவையில் பெயர் கொடுத்தால் போதும், எல்லாம் அடைபட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆன்லைன் சூதாட்டத்தை மட்டும்தான் தடுக்கும், பப்பில் நிற்கிற மெஷினுக்கு அது பொருந்தாது. வழக்கமாகப் போகிற பப்பின் மேனேஜரிடம் நேராகச் சொல்லி, என்னை மெஷின் பக்கம் பார்த்தால் சொல்லுங்கள் என்று கேட்கலாம், தயங்க வேண்டாம். கேம்கேர் என்ற தொண்டு அமைப்பு நடத்தும், சூதாட்டப் பிரச்சினைக்கான தேசிய உதவி எண் 0808 8020 133, இலவசம், எந்த நேரமும் பேசலாம். ஆடுகிறவர் பேச மறுத்தால், மனைவியோ அண்ணனோ அறையில் கூட இருப்பவரோ கூட அதே எண்ணில் கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.