மெல்லிய மரக்கூடு அமைப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்குத் தண்ணீர்மலை அடிவாரத்தில் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலோ, கோலாலம்பூர் வீட்டு முற்றத்து நிழற்கூரையோ, நான்கு தூண் நட்டுத் தகடு அடிப்பதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக, கடல் முள்ளெலியின் ஓடு போல மெல்லிய பலகைகளைக் கோத்து ஒரே கூடாக நிறுத்தவும் முடியும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 2011இல் அப்படி ஒரு கூட்டை 6.5 மி.மீ. பிளைவுட்டிலேயே கட்டினார்கள். ஆனால் படத்தைப் பார்த்து வளைவை மட்டும் நகல் எடுத்தால் இங்கே அது நிற்காது. ஓடு பாரம் தாங்கும் முறை புரிய வேண்டும். நம் ஊர் ஈரமும் காற்றும் கணக்கில் வர வேண்டும்.

பெரும்பாலும் முதலில் தவறுவது பலகைகள் கூடும் முனையில். முள்ளெலி ஓட்டில் ஒரு முனையில் மூன்று தகடுகளே கூடுகின்றன. மெல்லிய பலகை இரண்டின் ஓரம் சேரும் இடம் கதவுக் கீல் மாதிரி: பக்கவாட்டில் நழுவ விடாது, ஆனால் மடங்கும். மூன்று கீல்கள் ஒரு முனையில் சேர்ந்தால் ஒன்றை மற்றொன்று மடங்க விடாது. நான்கு சேர்ந்தால் மடங்கும். அட்டையை வெட்டி டேப் ஒட்டிப் பாருங்கள். மூன்று துண்டுகள் கூடிய கூம்பு பெட்டியின் மூலை போல விறைப்பாக இருக்கும்; நான்கு கூடியது கையில் விரிந்து சுருங்கும். ஆகவே சதுரக் கட்டங்கள் வேண்டாம், அறுகோணங்கள் வரையுங்கள்.

அடுத்தது வெட்டு. ஓரங்களை விரல் கோத்தது போல இணைப்பதால், பலகையின் உண்மையான தடிப்பு தெரியாமல் வரைபடம் போடக்கூடாது. 12 மி.மீ. என்று விற்கும் பிளைவுட் 11.4 மட்டுமே இருக்கலாம். விரல் நுழையும் பள்ளமான காடியை 12க்கு வெட்டினால் மூட்டுக்கு மூட்டு 0.6 மி.மீ. தளர்வு, 20 மூட்டுகளில் அது 12 மி.மீ. ஆகி, கடைசிப் பலகை பொருந்தாமல் நிற்கும். ஒவ்வொரு தாளையும் பத்து இடங்களிலாவது வெர்னியர் அளவுகோலால் அளந்து, காடியை அதைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. மட்டும் கூட்டுங்கள். கணினி வழி வெட்டும் சிஎன்சி எந்திரத்தின் 6 மி.மீ. பிட் (சுழலும் வெட்டுமுனை) உள்மூலையில் 3 மி.மீ. ஆரத்துக்கு மரத்தை விட்டுவிடும். மூலைக்கு மூலை சிறு குழியைச் சேர்த்து வரையாவிட்டால் விரல் முழுதாக உள்ளே இறங்காது.

பலகைக்குப் பதில் சட்டங்களை வளைத்துப் பின்னுவதானால், தடித்த சட்டமே பலம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. வளைக்கும்போது மரத்துக்குள் ஏறும் இறுக்கம், தடிப்பு கூடினால் அதிகரிக்கும். வளைவின் ஆரம் குறைந்தாலும் அதிகரிக்கும். 25 மி.மீ. சட்டத்தை 3 மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் சாதாரண மரத்தில் சதுர மி.மீ.க்கு ஏறத்தாழ 50 நியூட்டன் இறுக்கம். கணு இருக்கும் இடத்தில் பட்டென்று முறியும். 12 மி.மீ. சட்டங்கள் இரண்டை அடுக்கினால் இறுக்கம் பாதிக்கும் கீழே போகும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் 1975இல் எழுந்த மண்டபத்தில் 50 மி.மீ. சதுரச் சட்டங்களை இரட்டை அடுக்காகப் பின்னியதும் இதற்காகத்தான். வளைக்கும் வரை அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவ வேண்டும், அதனால் துளைகள் நீள்வடிவமாக இருக்கட்டும். வடிவம் நிலைத்த பிறகே அடுக்குகளுக்கு நடுவே இடைக்கட்டை வைத்து போல்ட்டை முழுதாக இறுக்குங்கள்.

மரத் தேர்வில், மலிவாகக் கிடைக்கிறது என்று ரப்பர் மரத்தை வெளியில் போடாதீர்கள். பூஞ்சையும் துளைப் பூச்சியும் சீக்கிரமே பிடிக்கும். பிளைவுட் என்றால் நீரைத் தாங்கும் பினாலிக் பசை போட்டது வேண்டும். அதிலும் வெட்டிய ஓரங்கள்தான் நீரை உறிஞ்சும் வாய். பூட்டுவதற்கு முன்பே எல்லா ஓரங்களுக்கும் எபாக்சி இரண்டு பூச்சு. நம் வெளிக்காற்றில் மரத்தின் ஈரம் 15 முதல் 18 விழுக்காட்டில் நிற்கும். ஏர்கண்டிஷன் அறையில் காய்ந்த பலகையை வெட்டி வெளியே மாட்டினால் அது உப்பி மூட்டுகளை நெரிக்கும். வெட்டும் முன் ஒரு வாரமாவது, பொருத்தப்போகும் இடத்திலேயே மழை படாமல் கட்டை வைத்து அடுக்கி வையுங்கள்.

காற்று விஷயத்தில் பலரும் கீழே அழுத்தும் பாரத்தையே பார்க்கிறார்கள். இலகுவான கூட்டுக்கு ஆபத்து மேலே தூக்கும் விசை. ஸ்டுட்கார்ட் கூட்டையே காற்று உறிஞ்சித் தூக்காமல் இருக்க நிலத்தில் நங்கூரமிட்டார்கள். அதிகாலையில் மேற்குக் கரையைத் தாக்கும் சுமாத்திரா சூறையில் வினாடிக்கு 30 மீட்டர் வேகம் என்று வைத்தால், அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 55 கிலோ. அதில் 60 விழுக்காடு மேல்நோக்கி இழுத்தாலும் 16 சதுர மீட்டர் கூரைக்கு 530 கிலோ. 12 மி.மீ. பிளைவுட் கூட்டின் எடையோ சதுர மீட்டருக்கு 7 கிலோதான். கால் ஒன்றுக்கு 50 × 50 × 40 செ.மீ. காங்கிரீட் போட்டால் 240 கிலோ கிடைக்கும். நான்கு கால்களுக்கும் போதிய மிச்சம் உண்டு. இது சிறு கூரைக்கான முதல் கணக்கு மட்டுமே. மக்கள் கூடும் பந்தலுக்குப் பொறியாளரின் கையெழுத்தும் தற்காலிகக் கட்டடத்துக்கான பெர்மிட்டும் கட்டாயம் வேண்டும்.

மரத்தின் காலை நேராகக் காங்கிரீட்டில் புதைக்கக் கூடாது. காலின் அடியைப் பிடித்துத் தாங்கும் இரும்புச் செருப்பின் மேல், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் அது நிற்கட்டும். பினாங்கின் கடலோரத்தில் கால்வனைஸ் இரும்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும், 316 ரக ஸ்டெயின்லெஸ் போடுங்கள். அந்த 15 செ.மீ. இடைவெளியில் செடியோ சாமானோ வைத்து மறைக்காதீர்கள். கறையான் ஏறினால் அதன் மண்குழாய் அங்கேதான் முதலில் கண்ணுக்குத் தெரியும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்து, இருந்தால் அன்றே மருந்து அடியுங்கள்.